பரந்தனில் ஒரு வயிற்று அச்சு: வீட்டில் செய்த முறையும் கவனித்தவையும்

இந்த நிகழ்வில் வரும் தாய்க்கு 29 வயது. கிளிநொச்சி மாவட்டத்தில் பரந்தனை அடுத்து வீடு. கணவர் வயல் செய்கிறார். மூத்தவள் தரம் 1 படிக்கிறாள். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது, 35ஆவது வாரத்தில், அவருடைய வயிற்றின் வடிவத்தை வீட்டிலேயே பிளாஸ்டர் பண்டேஜில் அச்செடுத்தோம். நான் சித்திர ஆசிரியை. பாடசாலையில் பிள்ளைகளுக்கு பிளாஸ்டரில் முகமூடி செய்யப் பழக்குகிறேன். அதைக் கேள்விப்பட்டுத்தான் என்னிடம் வந்தார். எழுதச் சம்மதம் தந்தார். பெயரும் வீதியும் வேண்டாம் என்றார்.

இணையத்தில் இந்த வேலைக்கு எத்தனையோ விளக்கங்கள் கிடைக்கின்றன. பெரும்பாலானவை குளிரான நாடுகளில், குழாயில் நல்ல தண்ணீர் வரும் வீடுகளுக்கென்று எழுதப்பட்டவை. ஆவணி மாதக் கச்சான் காற்றிலும், சவர்த் தண்ணீர்க் கிணற்றோடும், கண்ணூறுக்குப் பயப்படும் மாமியோடும் இதைச் செய்வதென்றால் யோசிக்க வேண்டியவை வேறு. அதற்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஏன் படம் போதவில்லை

2009இல் அவருக்குப் பதின்மூன்று வயது. பரந்தனிலிருந்து கிளம்பி, விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று நடந்து, கடைசியில் செட்டிகுளம் முகாமுக்குப் போன குடும்பம். அல்பங்கள் இருந்த பெட்டி வழியில் எங்கோ நின்றுவிட்டது. வன்னியில் இப்படி ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்லாத வீடு குறைவு.

“அம்மா உயிரோட இருக்கிறா ரீச்சர். ஆனா என்னை வயித்தில வச்சிருந்த நேரத்துப் படம் ஒண்டுமில்லை. நான் குழந்தையா இருந்ததுக்கும் ஒரு சாட்சியும் இல்லை” என்றார். மூத்தவளைச் சுமந்த காலத்தில் போனில் நிறைய எடுத்திருக்கிறார். போன் கிணற்றடியில் விழுந்து பழுதாக, அவையும் போய்விட்டன. இந்தமுறை கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒன்று வேண்டும் என்பதுதான் அவருடைய கேட்பு. அழகாக இருக்க வேண்டுமென்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அதை நான் நன்றாக மனதில் வாங்கிக்கொண்டேன். அச்சு திறமாக வரவேண்டும் என்று நினைத்து வேலை செய்தால் தாயை ஆடாமல் அசையாமல் வைத்திருக்கத் தோன்றும். தாய்க்கு வசதியாக இருக்க வேண்டும் என்று நினைத்து வேலை செய்தால் அச்சில் இரண்டு சுருக்கம் விழும், அவ்வளவுதான். எல்லா முடிவையும் இந்த இரண்டாவது வழியில்தான் எடுத்தோம்.

மாமியின் கேள்வி

மாமிக்கு இரண்டு மறுப்பு. முதலாவது: “கால் முறிஞ்சவைக்குப் போடுறதை ஏன் பிள்ளைத்தாச்சிக்குப் போடுறியள்?” அவரைக் குறை சொல்ல முடியாது. வன்னியில் பிளாஸ்டர் என்றால் நினைவுக்கு வருவது காயமும் ஆஸ்பத்திரியும்தான். உண்மையில் அந்த பண்டேஜின் பிறப்பே போர்க்காயத்தோடு சேர்ந்தது. துணியில் பிளாஸ்டர் தூளைத் தேய்த்து, நனைத்து, உடைந்த எலும்பில் சுற்றும் முறையை 1852இல் எழுதி வெளியிட்டவர் அன்ரோனியஸ் மத்தைசன் என்ற ஒல்லாந்து இராணுவ மருத்துவர். நான் மாமிக்கு வரலாறு சொல்லவில்லை. ஒரு துண்டை நனைத்து அவருடைய முன்கையில் வைத்துக் காட்டினேன். சில நிமிடத்தில் அது இறுகியதும், கையை ஒருமுறை சுழற்றினார், கழன்று விழுந்தது. “இது சுத்துறது இல்லை மாமி, மேல மட்டும் விரிக்கிறது. முதுகுப்பக்கம் திறந்திருக்கும்” என்று மருமகளே விளக்கினார். அந்த மறுப்பு அதோடு போனது.

இரண்டாவது மறுப்பு கண்ணூறு. பிள்ளை பிறக்க முதல் வயிற்றின் உருவத்தைச் செய்து வீட்டில் வைத்தால் வருகிற போகிறவர்களின் கண் படும் என்றார். இதை வாதாடி வெல்ல நான் விரும்பவில்லை, தேவையும் இல்லை. பிறந்து, 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை அச்சை யாருக்கும் காட்டாமல் துணியால் மூடி வைப்பது என்று பேசி முடித்தோம். மாமி உடனே தன்னுடைய பழைய பருத்திச் சேலை ஒன்றை எடுத்துத் தந்தார். இந்த உடன்பாடு பிறகு அச்சைக் காய வைப்பதில் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கிளினிக்கில் கேட்டது

குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலே கேட்கும்படி சொன்னேன். பிறஷர் சரியாக இருந்தது, இரத்தப்போக்கு எதுவும் இல்லை, நஞ்சுக்கொடி மேலேதான் இருப்பதாக ஸ்கானில் வந்திருந்தது. வயிற்றில் அரிப்பு இருக்கிறது என்று தாய் சொன்னபோது, உத்தியோகத்தர் திரும்பக் கேட்டது எனக்குப் பிடித்தது: “உள்ளங்கை, உள்ளங்கால் கடிக்குதா? இரவில கூடுதா?” இல்லை என்றார். தோல் இழுபடுவதால் வரும் அரிப்பு சாதாரணம். ஆனால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இரவில் கூடும் அரிப்பு ஈரலில் பித்தம் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அப்படியென்றால் அச்சை மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். தோலில் தடிப்போ புண்ணோ இருந்தாலும் அதன்மேல் பிளாஸ்டர் வைக்கக் கூடாது.

மல்லாக்கப் படுக்க வேண்டாம் என்பதையும் அவரே சொல்லி அனுப்பினார். பிந்திய மாதங்களில் நிமிர்ந்து படுத்தால் கருப்பையின் பாரம் முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய நாளத்தை அழுத்தும். இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து தலை சுற்றும், பிள்ளைக்குப் போகும் இரத்தமும் குறையும். நிற்க வைத்துச் செய்வதும் சரியில்லை. அசையாமல் நீண்ட நேரம் நின்றால் மயக்கம் வரலாம். அதனால் மாமாவின் சாய்மனைக் கதிரையை எடுத்தோம். முதுகு பாதி சாய்ந்து, வலது இடுப்பின் கீழே ஒரு மடித்த துவாய், உடல் கொஞ்சம் இடப்பக்கம் சரிந்தபடி. அந்தக் கதிரை இதற்கென்றே செய்ததுபோல் பொருந்தியது.

தண்ணீரும் சூடும்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் வாசியுங்கள். இந்த வேலையில் ஆபத்து என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான்.

ஜிப்சம் என்ற கனிமத்தைக் கிட்டத்தட்ட 150 பாகை செல்சியசில் சூடாக்கினால் அதிலுள்ள நீரில் முக்கால் பங்கு போய்விடும். மிச்சமாகும் தூள்தான் பிளாஸ்டர். தண்ணீர் பட்டதும் போன நீரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஊசி ஊசியான பளிங்குகளாகப் பின்னி இறுகும். இறுகும்போது சூடு வெளிவரும். மெல்லியதாக இருந்தால் சூடு காற்றில் கலைந்துவிடும், தோலில் வெதுவெதுப்பு மட்டும் தெரியும். தடிப்பாக இருந்தால் சூடு உள்ளே மாட்டிக்கொள்ளும். இங்கிலாந்தில் 2007இல் ஒரு பாடசாலை மாணவி சித்திர வகுப்பில் இரு கைகளையும் பிளாஸ்டர் கரைசல் நிறைந்த வாளிக்குள் விட்டு, அது இறுகி, எரிகாயத்தால் விரல்களில் பெரும்பாலானவற்றை இழந்தாள். சித்திரம் படிப்பிக்கிற யாருக்கும் மறக்கக் கூடாத சம்பவம் அது.

கணவர் கேட்டார்: “ஹாட்வெயாரில தூள் மலிவா இருக்கே ரீச்சர், குழைச்சுப் பூசினா என்ன?” கூடவே கூடாது என்றேன். குழைத்துப் பூசும்போது எந்த இடத்தில் எவ்வளவு தடிப்பு என்று கண்ணால் பிடிக்க முடியாது. பண்டேஜில் அடுக்கை எண்ணலாம். பார்மசியில் 15 சென்ரிமீற்றர் அகலம், 2.7 மீற்றர் நீளமான சுருள் மூன்று வாங்கினோம். மார்பையும் சேர்த்து எடுப்பதென்றால் குறைந்தது ஐந்து வேண்டும். இவர் வயிறு மட்டும் போதும் என்றார்.

எலும்பு முறிவுக்குப் பிளாஸ்டர் போடும்போது சூடான தண்ணீரில் நனைக்க வேண்டாம், 24 பாகைக்குக் கிட்ட இருந்தால் நல்லது என்பார்கள். பரந்தனில் மத்தியானம் மொட்டைமாடித் தாங்கியிலிருந்து வரும் தண்ணீர் கையைச் சுடும். கிணற்றுத் தண்ணீர் அவ்வளவு சூடில்லை, ஆனால் சவர். ஆனையிறவு உப்பளம் பக்கத்தில் இருக்கும் ஊரில் இது புதினமில்லை. உப்பு பிளாஸ்டரை விரைவாக இறுகச் செய்யும். விரைவாக இறுகினால் சூடும் ஒரேயடியாக வரும். கணவரின் முழங்காலில் கிணற்றுத் தண்ணீரில் நனைத்த துண்டு ஒன்றையும், குடிக்க வாங்கும், உப்பு நீக்கிச் சுத்திகரித்த ஆர்.ஓ. தண்ணீரில் நனைத்த துண்டு ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கிணற்றுத் தண்ணீர்த் துண்டு முந்தி மினுக்கம் இழந்தது. நனைந்த பிளாஸ்டரின் மேற்பரப்பு பளபளப்பாக இருக்கும். அந்தப் பளபளப்பு மங்குவதுதான் இறுகத் தொடங்கியதற்கு அடையாளம். உப்பு இருந்தால் காயும்போது மேலே வெள்ளையாகப் பூத்து, பிறகு பெயின்றையும் உரிக்கும். ஆகவே ஆர்.ஓ. தண்ணீரையே எடுத்து, முதல்நாள் இரவு மண்குடத்தில் ஊற்றி வைத்தோம். காலையில் அது அளவான குளிரில் இருந்தது.

ஒரே பேசின் தண்ணீரைக் கடைசிவரை பாவிக்கவும் கூடாது. அதில் கரைந்து தங்கும் பிளாஸ்டர் அடுத்த துண்டை இன்னும் விரைவாக இறுக வைக்கும். ஒவ்வொரு சுருளுக்கும் தண்ணீரை மாற்றினோம்.

அன்று காலை

வெயில் ஏற முன்னமே தொடங்கினோம். அறைக்குள் தாய், கணவர், மூத்தவள், நான். மாமி வாசலில். யார் உள்ளே இருக்கலாம் என்று தாயைத் தனியாகக் கேட்டு முடிவெடுத்திருந்தோம். நிலத்தில் பொலித்தீன் விரித்து, பண்டேஜை ஒரு சாண் நீளத் துண்டுகளாக வெட்டி உலர்ந்த தட்டில் அடுக்கினோம். ஈரக்கையோடு வெட்டினால் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். தாய் கழிவறைக்குப் போய்வந்து, பாணும் தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டார். வெறும் வயிற்றோடு உட்காரக் கூடாது.

வாஸ்லீனைத் தாராளமாகப் பூச வேண்டும். தொப்புளுக்குள்ளும், அதன் கீழே ஓடும் மெல்லிய மயிர்க்கோட்டிலும் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. தாயே தன் கையால் பூசினார். சட்டையின் ஓரத்தையும் பாவாடையின் ஓரத்தையும் பொலித்தீனால் மூடினோம். தோலுக்கும் பிளாஸ்டருக்கும் நடுவே மெல்லிய பொலித்தீனையே விரிக்கிறவர்களும் உண்டு. கழற்றுவது சுலபம், ஆனால் தொப்புளின் மடிப்பு பதியாது.

முதலில் ஓரத்தைச் சுற்றி ஒரு வளையம், பிறகு ஓரத்திலிருந்து நடுவுக்கு. ஒவ்வொரு துண்டையும் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி நின்றதும் எடுத்து, இரண்டு விரலுக்கிடையில் மெல்ல வழித்துவிட்டு விரிப்பது. பாதி மேலேறும்படி அடுத்தது. மூத்தவளின் வேலை துணியின் கண்ணறை மறையும்வரை தடவுவது. அவளுடைய சின்ன உள்ளங்கை அதற்கு நல்ல அளவாக இருந்தது. 35ஆவது வாரத்தில் தொப்புள் வெளியே தள்ளி நின்றது. அதன்மேல் விரித்த சதுரத் துண்டில் கத்தரிக்கோலால் சின்னதாக நாலு பக்கம் வெட்டி, பெருவிரலால் சுற்றிவர அமத்தினேன். பிளாஸ்டர் இறுகும்போது மிகச் சிறிதளவு விரியும். அதனால்தான் இப்படிப்பட்ட மடிப்புகளைப் பிசகாமல் பிடிக்கிறது.

இரண்டாம் அடுக்கு முடியும் நேரம் வலது பக்கம் பிள்ளை உதைத்தது. ஈரத்துணி எழும்பி அடங்கியதை நாலுபேரும் பார்த்தோம். மூத்தவள் கையை எடுத்துவிட்டு, திரும்ப அதே இடத்தில் வைத்தாள். அந்த இடத்தில் அச்சில் ஒரு மெல்லிய மேடு இருக்கிறது. தேய்த்து மட்டமாக்கலாமா என்று பிறகு கேட்டேன். “அதைத் தொட்டால் தெரியும் ரீச்சர்” என்று கோபமாகவே சொன்னார்.

மூன்று அடுக்கு, ஓரத்தில் நாலு. அதற்குமேல் உடம்பில் வைக்கவில்லை. பலம் போதாவிட்டால் கழற்றிய பிறகு உட்புறத்தில் எத்தனை அடுக்கும் போடலாம், அப்போது எந்தத் தோலும் சுடப்போவதில்லை. விளக்கங்களில் பலவும் ஐந்தாறு அடுக்கை உடம்பிலேயே போடச் சொல்வது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை, அதுவும் எங்கள் வெப்பத்தில். இறுகும் நேரத்தில் மேலே துணி போர்த்தவும் கூடாது, தலையணை அணைத்துக் கொடுக்கவும் கூடாது. “சூடா இருக்கா?” என்று அடிக்கடி கேட்டேன். “வெயிலில நிண்ட சுவரில சாய்ஞ்ச மாதிரி” என்றார். அதற்குமேல் ஏறியிருந்தால் இறுகினாலும் இறுகாவிட்டாலும் கழற்றிவிடுவதென்று கணவரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

தொடக்கத்திலிருந்து கழற்றும்வரை அரை மணித்தியாலம். நகத்தால் தட்டினால் ஓடு மாதிரிச் சத்தம் வந்ததும், தாயை முன்னுக்குச் சாய்ந்து வயிற்றை உள்ளிழுத்து விடச் சொன்னோம். மேல் ஓரம் முதலில் விட்டது, காற்று உள்ளே போனது, மற்றது தானாகக் கையில் வந்தது. தொப்புளின் கீழே ஓரிரு மயிர் மட்டும் பிடுங்குப்பட்டது. மெதுவாக எழுப்பி நடக்க விட்டோம். தலைச்சுற்று இல்லை. அன்று பின்னேரம்வரை பிள்ளையின் அசைவைக் கவனித்தார், வழக்கம்போல இருந்தது. பேசின் தண்ணீரை குழாய்த் தொட்டியில் ஊற்றவில்லை. அடியில் தங்குவது குழாய்க்குள் கல்லாகும். வேலிக்கு அந்தப்பக்கம் குழி வெட்டி ஊற்றி மூடினார் கணவர்.

காய வைப்பதும் மூடி வைப்பதும்

கழற்றிய அச்சு வெளியே இறுகியிருந்தாலும் உள்ளே நிறைய ஈரம் இருக்கும். அந்த நேரம் தட்டையாக வைத்தால் பாரத்தில் விரிந்துவிடும். சுளகில் கசக்கிய பத்திரிகைத்தாளைக் குவித்து அதன்மேல் கவிழ்த்தோம். நேர் வெயிலில் வைக்கவில்லை. ஒருபக்கம் மட்டும் விரைவாகக் காய்ந்தால் வெடிக்கும். விறாந்தைக்குள் கச்சான் காற்று நன்றாக வரும், புழுதியும் அதே அளவு வரும். ஆகவே நுளம்பு வலை ஒன்றால் மூடினோம்.

சிக்கல் இங்கேதான் வந்தது. விறாந்தை என்றால் ஆட்கள் வந்து போகும் இடம். அடுத்த நாளே மாமி அதைச் சேலையில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, பேசியபடிதான் செய்தார். ஆனால் ஈரம் போக வழியில்லாத இடத்தில் பிளாஸ்டர் பூஞ்சணம் பிடிக்கும். தாய் எனக்குச் சொன்னபோது உட்புறத்தில் சாம்பல் நிறத்தில் சில புள்ளிகள் வந்திருந்தன. உலர்ந்த தூரிகையால் தட்டி, வினாகிரி தொட்ட துணியால் ஒற்றி எடுத்தோம். அதற்குப் பிறகு மாமியே வழி சொன்னார். அறைக்குள், அலுமாரியின் மேலே, சேலையை ஒற்றை மடிப்பாக மேலே போட்டு, யன்னலைத் திறந்து வைப்பது. பருத்தி என்பதால் காற்றுப் போய்வந்தது. பொலித்தீன் பையில் கட்டியிருந்தால் அச்சு முழுக்கப் போயிருக்கும். காய்ந்ததா என்று பார்க்க கன்னத்தை வைத்துப் பார்க்கலாம். குளிர்ந்தால் இன்னும் ஈரம்.

பிள்ளை புரட்டாசியில் பிறந்தது, ஆண். துடக்குக் கழிந்து நான் போனபோது மழை தொடங்கியிருந்தது. முதலில் அச்சின் உட்புறத்தைத் தண்ணீர் தெளித்து நனைத்து, இன்னும் இரண்டு அடுக்கு பண்டேஜ் போட்டோம். நனைக்காமல் போட்டால் காய்ந்த பிளாஸ்டர் புதியதன் தண்ணீரை உறிஞ்சிவிடும், ஒட்டாது. அது ரேபிள் ஃபான் முன்னால் முழுக்கக் காய்ந்த பிறகுதான் புட்டியும் பெயின்றும். ஈரத்தோடு வார்னிஷ் அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டு மேற்பூச்சு கொப்பளிக்கும். சாண்ட் பேப்பர் தேய்க்கும்போது தாயையும் குழந்தையையும் அடுத்த வீட்டுக்கு அனுப்பினோம். அந்தத் தூள் மூச்சுக்கு நல்லதில்லை. வெள்ளை இமல்ஷன் மட்டும் அடித்தோம். பூவும் பெயரும் வரையலாமே என்று கேட்டேன்; வேண்டாம் என்றார். உட்புறத்தில், யாருக்கும் தெரியாத பக்கத்தில், கிளினிக் அட்டையைப் பார்த்து வாரத்தையும் அன்று அளந்த கருப்பை உயரத்தையும் பென்சிலால் எழுதினார். 35 வாரம், 34 சென்ரிமீற்றர். தாயின் தாயார் விசுவமடுவிலிருந்து வந்திருந்தார். அச்சைத் தூக்கித் தன் வயிற்றோடு வைத்துப் பார்த்து, “நீ இதைவிடப் பெரிசா இருந்தனி” என்றார்.

இப்போது உருத்திரபுரத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார், இரட்டைப் பிள்ளை. இரட்டை என்றால் முந்திப் பிறக்கக்கூடும், 35ஆவது வாரம்வரை வைத்திருக்க முடியாது. 30ஐத் தாண்டியதும், மருத்துவர் சரி என்றால் மட்டும், வயிற்றோடு நிறுத்திக்கொள்வதென்று சொல்லியிருக்கிறேன். அது மார்கழியில் வரும். மாரி மழையில் காய வைப்பதற்கு ஃபானும் கரண்டும் உள்ள ஒரு அறையை இப்போதே ஒழுங்கு செய்யச் சொல்லியிருக்கிறேன், பார்மசியில் பண்டேஜ் வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.